நவாஹோ: மொழியா, சங்கேதமா?

கதிரவன்: "இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையிலிருந்த நவாஹோ பழங்குடி வீரர்கள் ரேடியோவில் தாய்மொழியில் பேசினார்கள், ஜப்பானியருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்" என்று நேற்று செழியன் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கையெறி குண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நிமாசி'. உருளைக்கிழங்கு என்று பொருள். டாங்கி என்றால் ஆமை, நீர்மூழ்கிக் கப்பல் இரும்பு மீன். இது வெறும் பேச்சா?

செழியன்: உருளைக்கிழங்கும் நவாஹோ சொல்தானே ஐயா? மொழி தெரிந்திருந்தால் ஜப்பானியர் என்றோ பிடித்திருப்பார்கள்.

கதிரவன்: மொழி தெரிந்தவரே அவர்கள் கையில் இருந்தார்! பிலிப்பைன்ஸில் பிடிபட்ட ஜோ கியூமியா நவாஹோக்காரர். சித்திரவதை செய்து அந்த ரேடியோ செய்திகளைக் கேட்க வைத்தார்கள். சொல் புரிந்தது, செய்தி புரியவில்லை. உருளைக்கிழங்கு என்று காதில் விழுந்தால் மனுஷன் என்ன சொல்வார்?

செழியன்: அவருக்குச் சங்கேதப் பயிற்சி கிடையாது, சரி. அதனால் மொழிக்கு மதிப்பில்லை என்றாகிவிடுமா? அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் நவாஹோ பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அப்புறம் அதே மொழியிடம் கையேந்தினார்கள். அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

மலர்விழி: இன்னொரு அமெரிக்கப் பழங்குடியான சோக்டாக்களை இருவருமே மறந்துவிட்டீர்கள். முதல் உலகப்போரில், 1918-லேயே பிரான்ஸ் போர்முனையில் தங்கள் மொழியில் தொலைபேசியில் செய்தி சொன்னவர்கள்.

கதிரவன்: அது வேறு கதைங்க. 1942-ல் முதல் 29 நவாஹோ இளைஞர்கள் உட்கார்ந்து 200க்கு மேற்பட்ட சொற்களை உண்டாக்கினார்கள். ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல 'ஏ'க்கு எறும்பு, 'பி'க்குக் கரடி. அத்தனையும் மனப்பாடம். போர்முனைக்கு ஒரு துண்டுத் தாள்கூடப் போகவில்லை.

மலர்விழி: எப்படி வேறு கதை? சோக்டாக்களும் இயந்திரத் துப்பாக்கியை 'வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி' என்றார்கள். உங்களுக்குப் பிடித்தவர்கள் செய்தால்தான் சங்கேதமா?

இளவரசு: முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ஜே' இருக்கிறது. நவஜோ.

கதிரவன்: அது ஸ்பானிய 'ஜே', 'ஹ' என்றுதான் ஒலிக்கும். போன மாதம் எனிக்மா என்ற ஜெர்மன் சங்கேத இயந்திரம் பற்றிய இழையிலும் இப்படித்தான் குறுக்கே வந்து கெடுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

இளவரசு: எனிக்மாவில் நான் சொன்னதுதான் சரி. இன்றுவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கதிரவன்: அதை அங்கே வைத்துக்கொள்வோம். 1945, ஜப்பானின் இவோ ஜிமா தீவில் சண்டை. முதல் 48 மணி நேரத்தில் 6 நவாஹோ வீரர்கள் 800க்கு மேற்பட்ட செய்திகளை அனுப்பி வாங்கினார்கள். ஒரு பிழை இல்லை. அந்த 29 பேர் மூளையைக் கசக்கி உண்டாக்கியதை 'தாய்மொழியில் பேசினார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம்.

செழியன்: அந்த 800 செய்தியும் நவாஹோவில்தான் போயின.

கதிரவன்: நிமாசி. உருளைக்கிழங்கு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செழியன்: சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.