சிறு அளவு கஞ்சாவுக்குக் குற்றவழக்கு தேவையா? சட்டம் எந்த இடத்தில் மாற வேண்டும்?

வியாசர்பாடி ஆசிரியை (கேள்வி)

வியாசர்பாடியில் மாலை நேர வகுப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் படித்து, பாலிடெக்னிக் முடித்து, வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர முயன்றுகொண்டிருந்த 19 வயது மாணவன் ஒருவன், சில வாரங்களுக்கு முன் ஐம்பது கிராமுக்கும் குறைவான கஞ்சாவுடன் பிடிபட்டு, இப்போது பிணையில் வெளியே இருக்கிறான். அவன் விற்றான் என்று காவல்துறையே சொல்லவில்லை. ஆனாலும், "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதில்லை" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் அவனுடைய தாயாரிடம் சொல்லி வருகிறார்கள்.

கஞ்சா தீங்கற்றது என்று வாதிட நான் வரவில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே கண் சிவந்து, கவனம் சிதறி, பிறகு வகுப்புக்கே வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் யாரையும் வழக்கு திருத்தியதாக எனக்கு நினைவில்லை. தன் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருந்தவரைக் குற்றவாளியாக்குவதால் யாருக்கு என்ன நன்மை? இந்தத் தண்டனையை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தில் எந்த இடத்தைத் தொட வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வழக்கறிஞர், பாரிமுனை

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று முதலில் அந்தத் தாயாரிடம் சொல்லிவிடுங்கள், அம்மா. ஒப்புக்கொண்டு அபராதம் மட்டும் கட்டினாலும் சட்டத்தின் பார்வையில் அவன் தண்டிக்கப்பட்டவனே. வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டு பெற நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் என்பது தொல்லைதான் என்றாலும், அதற்கு ஒரு நாள் முடிவு உண்டு. தண்டனைப் பதிவோ ஒவ்வொரு வேலைக்கான நன்னடத்தைச் சான்றிலும் எழுந்து நிற்கும். தமிழ்நாட்டுக் காவலர் பணித் தேர்வில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரைக்கூடக் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே விதி கருதுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 2001இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, எடையை வைத்தே தண்டனையைத் தீர்மானிக்கிறது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது சிறிய அளவு; 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் உண்டு, பிணை கிடைப்பதும் மிக அரிது. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்த ஓராண்டு, 2014இல் வந்த திருத்தத்துக்கு முன் ஆறு மாதமாக இருந்தது. உலகின் பல நாடுகள் இவ்வகைத் தண்டனையைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில் நாம் இரட்டிப்பாக்கியிருக்கிறோம் என்பதை இங்கே பலரும் அறியமாட்டார்கள்.

சிகிச்சைக்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. சிறிய அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64அ பிரிவின்படி வழக்கிலிருந்து பாதுகாப்பு பெறலாம். குற்றம் உறுதியான பிறகும், 39ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்காக விடுவிக்க முடியும். ஆனால் இரண்டு பிரிவுகளும் "அடிமையானவர்" என்பவருக்கு மட்டுமே உரியவை. உங்கள் மாணவனைப் போல எப்போதாவது புகைத்தவனுக்கு இரண்டுமே எட்டாது. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அவனுக்கு உதவாது. 18 வயது நிறைந்தவர்களைப் பொறுத்தவரை 26, 27ஆம் பிரிவுகளின் குற்றங்களுக்கு மட்டுமே என்.டி.பி.எஸ். சட்டத்தின் 33ஆவது பிரிவு அதற்கு இடமளிக்கிறது. புகைத்தது 27ஆவது பிரிவில் வருகிறது, சட்டைப்பையில் வைத்திருந்தது 20ஆவது பிரிவில் வருகிறது. ஆகவே புகைத்துக்கொண்டிருக்கும்போது பிடிபட்டவருக்குக் கிடைக்கும் சலுகை, புகைக்கப் போகும்போது பிடிபட்டவருக்குக் கிடைப்பதில்லை. நோய் முற்றியவருக்கு வாசலைத் திறந்து வைத்து, இன்னும் நோயே வராதவருக்குச் சாத்தும் இந்த அமைப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே மாணவன் 18 வயது நிறையாதவனாக இருந்திருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, இந்த வழக்கு பிற்காலத்தில் அவனுக்குத் தகுதிக்குறைவாக ஆகாமல் காத்திருக்கும். ஒரு பிறந்தநாள் கடந்ததும் அந்தக் கருணை முழுவதுமாக மறைந்துவிடுகிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய்

வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றை மரியாதையுடன் படித்தேன். ஆனால் இங்கே பிள்ளை வளர்ப்பவள் என்ற முறையில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தெருவில் விற்பவன் எவனும் கிலோக்கணக்கில் சுமந்துகொண்டு நிற்பதில்லை. சரக்கு வேறு எங்கோ இருக்கும்; அவன் கையில் நான்கைந்து பொட்டலம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு சிறுவனின் பையில் இருக்கும். சிறிய அளவுக்கு வழக்கே இல்லை என்று அறிவித்துவிட்டால், நாளை முதல் எல்லா விற்பனையும் சிறிய அளவிலேயே நடக்கும், கேட்பதற்கு ஆள் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகன் இரவில் நேரம் கழித்து வரும்போது அவனைத் தடுக்க என்னிடம் இருப்பது போலீஸ் பயம் ஒன்றுதான். தகப்பன் இல்லாத வீட்டில் அந்தப் பயத்தையும் எடுத்துவிட்டால், அதற்குப் பதிலாக எங்கள் கையில் என்ன கொடுப்பீர்கள்?

மறுவாழ்வு ஆலோசகர், ராயபுரம்

அந்தத் தாயின் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தச் சீர்திருத்தமும் நிற்காது என்பதை நானும் ஏற்கிறேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் அதற்குச் சான்று. அங்கே 2020இல் மக்கள் வாக்களித்து, சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு கொடுப்பார்கள். உதவி எண்ணை அழைத்துப் பரிசோதனைக்கு உட்பட்டால் அந்த அபராதமும் தள்ளுபடியாகும். ஆனால் சிகிச்சை மையங்களுக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது, சீட்டு பெற்றவர்களில் மிகச் சிலரே அழைத்தார்கள், 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. போர்ச்சுகலில் 2001 ஜூலை முதல் நடப்பது வேறு. பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவுடன் பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப் பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூவர் குழுவின் முன் நேரில் வந்து உட்கார வேண்டும். போதைப்பொருள் அங்கே அனுமதிக்கப்படவில்லை, அதைக் காவலர்கள் பறிமுதல் செய்கிறார்கள், விற்றவருக்குச் சிறை தொடர்கிறது. பயன்படுத்தியவரைப் பற்றிய முடிவு மட்டும் காவல் நிலையத்திலிருந்து அந்தக் குழுவுக்கு மாறியிருக்கிறது.

எங்களிடம் வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைய வடசென்னையில் கஞ்சாவைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது, வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவும் ஆபத்து இருக்கிறது. கை வீங்கிச் சீழ் பிடித்த பிறகும் பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்து வரத் தயங்குகிறார்கள். மருத்துவர் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று நம்புகிறார்கள். அந்தத் தாய் குறிப்பிடும் அதே பயம், பிள்ளையைத் தெருவிலிருந்து காப்பதைவிட மருத்துவரிடமிருந்து மறைப்பதற்கே அதிகம் பயன்படுவதை நான் அன்றாடம் காண்கிறேன். புழல் சிறைக்குப் போய்த் திரும்புகிறவர்களில் சிலர், பயன்படுத்துபவராகப் போய், சரக்கு எங்கே கிடைக்கும் என்ற முழு விவரத்துடன் வருகிறார்கள்.

ஆகவே அந்தத் தாயின் கையில் கொடுக்க வேண்டியது, பிள்ளையை அழைத்துக்கொண்டு நடந்து போகும் தூரத்தில் ஒரு மனநல ஆலோசகர். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை உண்டு, 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. ஆனால் காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய அளவில் அந்தச் சேவை வராதவரை, வழக்கை நீக்குவது மட்டும் பாதி வேலையே.

வழக்கறிஞர், பாரிமுனை

கொருக்குப்பேட்டை அம்மாவின் முதல் ஆட்சேபம் முற்றிலும் நியாயமானது. 1 கிலோ கஞ்சாவை ஒருவர் தமக்காக வைத்திருந்தார் என்று நான்கூட வாதிட மாட்டேன். 1985இல் சொந்தப் பயன்பாட்டுக்கென அறிவிக்கப்பட்ட அளவுகள் ஹெராயினுக்கு 250 மில்லி கிராம், கஞ்சாவுக்கு 500 கிராம் என்றிருந்தன. 2001க்குப் பிறகு வந்த 5 கிராம், 1 கிலோ என்ற வரம்புகள் தண்டனையைப் படிப்படியாக வகுப்பதற்கு ஏற்பட்டவை. பயன்படுத்துபவரையும் விற்பவரையும் பிரித்தறிய ஏற்பட்டவை அல்ல. போதாக்குறைக்கு, கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டதால், மட்டமான கலப்படப் பொடியை வாங்கிய ஏழைப் பயனாளி சிறிய அளவைத் தாண்டிவிடும் நிலையும் இருக்கிறது.

எனவே நான் கேட்பது, சிறிய அளவுக்கும் கீழே, சில நாள் பயன்பாட்டை ஒட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஒரு வரம்பு. அதற்குள் இருந்து, விற்பனைக்கான வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன்பே அவர் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பப்பட வேண்டும்; அடிமையா இல்லையா என்பது அங்கே தீர்மானிக்கப்படட்டும். பொட்டலங்களைப் பிரித்து வைத்திருப்பது, தராசு, பணப் பரிமாற்றம் போன்றவை இருந்தால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வழக்கு தொடரலாம். சிறுவர்களைச் சுமக்க வைப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆவது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. காவலர்களின் நேரம் அந்தப் பக்கம் செலவாக வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

2021இல் மத்திய சமூக நீதி அமைச்சகம், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றமாகக் கருதாமல் சிகிச்சைக்கு வழி செய்யலாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்திகள் வந்தன. அந்தத் திசையில் மனு அனுப்புவதானால், வரம்பைப் பற்றிய இந்தக் கோரிக்கையைத் தனியே எழுதுங்கள்.

வியாசர்பாடி ஆசிரியை

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அவனுடைய தாயாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வழக்கறிஞர் வைக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இலவச சட்ட உதவிக்கு எங்கே, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

வழக்கறிஞர், பாரிமுனை

உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உரிமை. முதல் தகவல் அறிக்கையின் நகல், பிணை உத்தரவு, வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அடுத்த வாய்தாவுக்கு முன்பே போகச் சொல்லுங்கள்.