2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் ஓரிடத்தில் நிற்குதில்லை

மீன்தொட்டிக்காரன், வெள்ளவத்தை:
வீட்டு மீன்தொட்டியின் வெப்பநிலை பார்க்க ஒரு போர்ட் செய்தேன். எல்.எம்.35 வெப்பச் சென்சர், அதைப் படிக்க அட்மெகா328 மைக்ரோகொன்ரோலர். அது ஒப்பிட்டு அளக்கும் வோல்ட்டேஜ் (ரெஃபரன்ஸ்) வரும் ஏரெஃப் காலுக்கு, வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரி.எல்.431 ஐசி வைத்து 2.495 வோல்ட், 5 வோல்ட்டிலிருந்து 1 கே (1000 ஓம்) ரெசிஸ்ரர். தண்ணீர் 28 பாகைதான் என்று கண்ணாடி வெப்பமானி சத்தியம் செய்கிறது. என் திரையில் 28, 29, 28.5 என்று கூத்து. மல்டிமீற்றரை ஏரெஃபில் வைத்தால் 2.41க்கும் 2.49க்கும் இடையில் ஊர்கிறது.

சார்ஜர் சரியில்லையோ என்று பவர் பேங்கில் கொழுவினேன், அதே கதை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பத்து 431 வாங்கி, மூன்றை மாற்றியும் பார்த்தாச்சு. மூன்றுமா போலி? கடற்காற்றுப் பிசுபிசுப்போ என்று அல்கஹோல் விட்டுத் துடைத்தேன், பலனில்லை. ஈயமில்லாமல் செருகிப் பார்க்கும் புரெட்போர்டில் இருந்தபோது ஒழுங்காகத்தான் நின்றது. போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய பிறகே இந்த ஆட்டம். வேகமான அசைவைக் காட்டும் ஒஸிலோஸ்கோப் இல்லை.

ஈயப்புகை:
1 கே என்று போட்டது உண்மையிலேயே 1 கேதானா? 431க்குள் 1 மில்லிஅம்பியராவது ஓட வேண்டும். தவறி 10 கே போட்டிருந்தால் அதில் கால்வாசிதான் கிடைக்கும். நிரலில் எக்ஸ்டர்னல் (வெளி) ரெஃபரன்ஸ் என்று கொடுத்தீர்களா?

மீன்தொட்டிக்காரன்:
அளந்தேன், 990 ஓம். நிரலிலும் எக்ஸ்டர்னல்தான்.

பழைய ரேடியோ, தெஹிவளை:
தம்பி, புரெட்போர்டில் இல்லாத எதைப் போர்டில் சேர்த்தீர்?

மீன்தொட்டிக்காரன்:
ஏரெஃபுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 100 நானோஃபரட் கப்பாசிற்றர் மட்டும்தான் அண்ணை. எல்லாரும் போடச் சொல்வார்களே?

பழைய ரேடியோ, தெஹிவளை:
அதுதான் ஆள். திருநீறு பூசுவதுபோல் எல்லா ஐசிக்கும் 100 நானோ பூசுகிறோம், 431க்கு அது ஒத்துக்கொள்ளாது. அது வெறும் செனர் டயோட் இல்லை, உள்ளே ஒரு அம்பிளிஃபையர் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. வெளியீட்டில் கப்பாசிற்றர் தொங்கினால் திருத்தம் பிந்தும். பிந்தினால் ஊசலாடத் தொடங்கும். மிகச் சிறியது என்றால் பிரச்சினையில்லை, பெரியது என்றாலும் இல்லை. நடுவில் உள்ளதுதான் வில்லங்கம். தரவுத்தாளில் கப்பாசிற்றரையும் மின்னோட்டத்தையும் வைத்து ஒரு வளைகோட்டுப் படம் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஊசலாட்டம் வேகமானது, மீற்றர் சராசரியைத்தான் காட்டும். அதனால் உமக்கு மெதுவாக ஊர்வதுபோல் தெரிகிறது.

100 நானோவைக் கழற்றிவிட்டு அளந்து பாரும். நின்றால், அந்த இடத்தில் நூறு மடங்கு பெரிய 10 மைக்ரோஃபரட் எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர் போடும். பிளஸ், மைனஸ் முனை மாறக்கூடாது, கவனம்.

மீன்தொட்டிக்காரன்:
இப்போதுதான் முடித்தேன். ஒரு காலைச் சூடாக்கித் தூக்கினதுமே மீற்றர் 2.49இல் போய்க் குந்திவிட்டது. ஆசைக்குத் திரும்ப ஒட்டினேன், திரும்ப ஊர்ந்தது. இப்போது 10 மைக்ரோவோடு 2.49 அசையவில்லை. திரை 28.0, எப்போதாவது 28.3, வோல்ட்டேஜை எண்ணாக்கும் 10 பிட் ஏடிசிக்கு அது ஒரு படிதான், அதோடு கோபமில்லை.

ஒரு குற்றமும் செய்யாத மூன்று 431ஐக் குப்பைக்கூடையிலிருந்து திரும்பப் பொறுக்கி எடுத்தேன். அவசரத்தில் கால்களை வெட்டிவிட்டேன், ஆனாலும் ஈயம் பிடிக்கும்.