கலைப்பிரிவு, இசட் புள்ளி 1.31: உளவியல் படிக்க வாய்ப்பு இருக்கிறதா?

முற்றத்துமல்லி:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. முதல் தரம் எழுதினேன். தமிழ் ஏ, இந்து நாகரிகம் ஏ, அளவையியலும் விஞ்ஞானமுறையும் பி. இசட் புள்ளி 1.31. யாழ்ப்பாண மாவட்டம். சாதாரண தரத்தில் கணிதம் பி, ஆங்கிலம் சி.

எனக்கு உளவியல் படிக்க வேண்டும். வீட்டில் அம்மா, "ரீச்சர் வேலை எடுக்கக்கூடிய பாடமாகப் பார்" என்கிறா. மாமா லண்டனிலிருந்து போன் எடுத்து, உளவியல் என்றால் கொழும்பில் காசு கட்டித்தான் படிக்கலாம் என்கிறார். எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால் அம்மம்மாவிடமிருந்து. சின்ன மாமா 2009இல் காணாமல் போனவர். அம்மம்மா இன்றுவரை இரவில் கேற்றைப் பூட்ட விடமாட்டா. கொழுவியை மட்டும் மெதுவாகப் போட்டுவிட்டு, அது வெளியிலிருந்து கையை விட்டுத் திறக்கக்கூடிய மாதிரி இருக்கிறதா என்று ஒருதரம் தானே கையை விட்டுப் பார்த்த பிறகுதான் வந்து படுப்பா. சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, ஆனால் அவவோடு என்ன கதைக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதைப் படிக்கத்தான் கேட்கிறேன்.

இந்தப் புள்ளிக்கு வாய்ப்பு எப்படி? யாழ்ப்பாணத்தை முதலில் போடவா, பேராதனையை முதலில் போடவா? உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை, அதனால் பின்னுக்கு நிற்பேனா? ஆங்கிலம் சி என்பது பெரிய பிரச்சினையா?

பரமேஸ்வராச்சந்தி:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் இங்கே திருநெல்வேலியில், யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடம், மூன்றாம் வருடம்.

நீங்கள் ஒரு கதவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், உண்மையில் இரண்டு கதவு இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் "உளவியல்" என்று நேரே உள்ளே எடுப்பதில்லை. கலைப்பீடத்துக்கு எடுப்பார்கள், அதற்குத்தான் இசட் புள்ளி. உள்ளே போன பிறகு முதலாம் வருடத்தில் மற்றப் பாடங்களோடு உளவியலையும் ஒரு பாடமாக எடுக்க வேண்டும். அந்த வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கற்கைக்கு, அதாவது அந்த ஒரு பாடத்தையே ஆழமாகப் படிப்பதற்கு, தெரிவு நடக்கும். எங்கள் வகுப்பில் நல்ல இசட் புள்ளியோடு வந்த இரண்டு பேர், முதல் அரையாண்டைப் புதுச் சூழலிலும் விடுதிப் பிரச்சினையிலும் விட்டுவிட்டு, கேட்ட பாடம் கிடைக்காமல் வேறு பாடத்துக்குப் போனார்கள். உங்களை விடக் கொஞ்சம் குறைந்த புள்ளியோடு வந்த ஒரு பிள்ளை இப்போது சிறப்புக் கற்கையில் இருக்கிறா.

உயர்தரத்தில் உளவியல் இல்லாதது ஒருவருக்கும் பாதகம் இல்லை. உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் யாருக்குமே அது இல்லையே. எல்லோரும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கரும்பலகை:

பிள்ளை, நான் உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறவன். வருடா வருடம் பெறுபேறு வந்த கிழமை இதே கேள்வியோடு வீட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள், அதனால் எழுதுகிறேன்.

1.31 என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதுதான் நியம விலகல். உதாரணத்துக்கு ஒரு பாடத்தில் இடை 50, நியம விலகல் 15 என்று வையுங்கள், நீங்கள் 80 எடுத்தால் அது 2.0. இன்னொரு பாடத்தில் இடை 62, நியம விலகல் 10 என்றால் அதே 80 புள்ளிக்கு 1.8தான். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு, கூட்டி மூன்றால் பிரித்ததுதான் உங்கள் கையில் இருக்கும் எண். அதனால் "இரண்டு ஏ ஒரு பி எடுத்த மற்றப் பிள்ளைக்கு என்னை விடக் கூட வந்திருக்கிறதே" என்று மனம் நோக வேண்டாம். ஒரே ஏக்குள்ளும் பெரிய இடைவெளி இருக்கும்.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே வைக்கிற கோடு இல்லை. அந்த வருடம் கடைசியாக உள்ளே எடுபட்ட பிள்ளையின் புள்ளி அது, அவ்வளவுதான். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை இடம், யார் எதை முதலில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு வருடத்து வெட்டுப்புள்ளிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கோ. உங்கள் புள்ளி எல்லா வருடத்தையும் விட நன்றாக மேலே நின்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் மேலே, ஒரு வருடத்தில் கீழே என்றால் கீழே வேறு தெரிவுகளையும் கவனமாகப் போட வேண்டும்.

மாவட்டம் பற்றியும் சொல்கிறேன். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக. சில பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் தரவரிசை மட்டும்தான். எது எப்படி என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் இருக்கும். கையேட்டை முழுதாக வாசியுங்கோ, ரியூட்டறி வாசலில் கேட்டதை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கில் பிழையே வராது என்றும் நினைக்காதீர்கள். 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டப் பிள்ளைகளும் புதிய பாடத்திட்டப் பிள்ளைகளும் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. அந்த மாதங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவன் நான். உங்கள் பி பற்றி உண்மையாகவே சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்குத் திகதி முடிய முதல் விண்ணப்பியுங்கோ.

முற்றத்துமல்லி:

சேர், மிக்க நன்றி. அந்த உதாரணத்தோடுதான் எனக்கு இசட் புள்ளி என்றால் என்ன என்று முதல் தடவை விளங்கியது. இரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் தரம் எழுதிப் புள்ளியைக் கூட்டினால் நல்லதா? இன்னொன்று, பேராதனையை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணமும் கை நழுவிப் போகுமா? சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் சொல்கிறாள்.

கண்டிவீதி:

தங்கச்சி, சிநேகிதி சொன்னது பிழை. முதலில் போட்டதற்குப் புள்ளி காணாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் காணாவிட்டால் மூன்றாவது. இரண்டாவதாகப் போட்டதால் அங்கே வரிசையில் பின்னுக்குத் தள்ளமாட்டார்கள், புள்ளிதான் வரிசை. ஆகவே எங்கே படிக்க உண்மையான விருப்பமோ அதை முதலில் போடுங்கோ. வாய்ப்பைக் கணக்குப் பார்த்து விருப்பத்தைக் கீழே இறக்கத் தேவையில்லை. நான் அந்தப் பிழையை விட்டேன். "கிடைக்கக்கூடியதை மேலே போடு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுப் போட்டு, பிறகு வெட்டுப்புள்ளி வந்தபோது பார்த்தால் நான் விரும்பிய இடத்துக்கும் என் புள்ளி கண்டிருந்தது. ஒரு வருடம் முழுக்க அதை நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

நான் உளவியல் படித்து இப்போது வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை செய்கிறேன். உங்கள் அம்மம்மாவின் கேற்றை வாசித்தபோது கை நின்றுவிட்டது. எங்களிடம் வருகிற தாய்மாரில் சிலர் மகனுடைய சேட்டை இன்னும் மாதத்துக்கு ஒருதரம் தோய்த்துக் காயப்போடுகிறவர்கள். இறந்தவருக்குக் கிரியை செய்யலாம், ஆண்டுத் திவசம் செய்யலாம், காணாமல் போனவருக்கு எதைச் செய்வது? இதற்கு உளவியலில் "தெளிவற்ற இழப்பு" என்று ஒரு கருத்து உண்டு, போலின் பொஸ் என்கிற அமெரிக்க அறிஞர் முன்வைத்தது. அதை முதன்முதல் வாசித்த அன்று நான் விடுதிக் கட்டிலில் இருந்து எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். யாழ் மருத்துவபீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் ஒரு தனி மனிதரை மட்டுமல்ல, முழுச் சமூகத்தையுமே எப்படிக் காயப்படுத்துகிறது என்று இங்கேயிருந்துதான் எழுதினார்கள். ஆகவே இந்தப் படிப்புக்கு யாழ்ப்பாணம் ஒதுக்குப்புறம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொண்டு போங்கோ. முதலாம் வருடத்தில் அம்மம்மாவைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கமாட்டார்கள். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வூண்ட் உளவியல் ஆய்வுகூடம் தொடங்கியது, நரம்புக் கலம், ஞாபகம், கற்றல், அப்புறம் ஆய்வு முறையும் புள்ளிவிபரவியலும். கலைப்பிரிவிலிருந்து வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் சோர்வது அந்தப் புள்ளிவிபரவியலில்தான். உங்களுக்குக் கணிதம் பி இருக்கிறது, மேலே சேர் சொன்ன இடையையும் நியம விலகலையும் ஒரு கொப்பியில் நீங்களே பத்துப் பன்னிரண்டு எண்ணை வைத்துச் செய்து பாருங்கோ, அதுவே பாதி தூரம். அளவையியல் படித்ததும் பெரிய பலம். கருதுகோள், பரிசோதனை, பொய்ப்பித்தல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். புரொய்டின் கொள்கையைப் பொய்ப்பிக்க முடியாது என்று தத்துவஞானி பொப்பர் ஏன் சொன்னார் என்று நீங்கள் விளக்கினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

ஆங்கிலம் சி என்பது கதவை மூடாது. ஆனால் வாசிப்பு முழுக்க ஆங்கிலம். நான் முதல் மூன்று மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தேன், அகராதியில் பார்த்த சொற்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அந்தக் கொப்பியே முடிந்துபோனது. பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்குக் கொடுங்கோ.

இரண்டாம் தரம் பற்றி: மூன்று தரம் எழுதலாம்தான். ஆனால் கலைப்பீடம் கிடைக்கிற புள்ளி இருக்கும்போது இன்னொரு வருடத்தை அதற்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியும் எழுத நினைத்தால், பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வதற்கு முதலே அது பற்றிய விதியைக் கையேட்டில் வாசியுங்கோ. பதிவு செய்த பிறகு திரும்ப விண்ணப்பிப்பது சிக்கல்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கோ: முதல் பட்டத்தோடு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது, அதற்கு மேற்படிப்பு வேண்டும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று முதுதத்துவமாணி (எம்.பில்.) இருக்கிறது. உளமருத்துவர் என்பது வேறு, அது மருத்துவபீடத்தால் போகிற பாதை. ஆனால் உளவளத்துணை, பாடசாலை, தொண்டு நிறுவனம், ஆய்வு என்று முதல் பட்டத்தோடும் வேலை இருக்கிறது. உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

நாவலைப்பஸ்:

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடத்தில் உளவியல் சிறப்பு விஞ்ஞானமாணி (பி.எஸ்சி.) பட்டம் உண்டு. அதற்கு இசட் புள்ளி பார்ப்பதில்லை. கட்டணம் உண்டு, ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், வேலை செய்துகொண்டும் படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் இருக்கிறது. நான் அப்படித்தான் படிக்கிறேன், கஷ்டம்தான், ஆனால் நடக்கிறது.

மாமா சொல்கிற கொழும்புத் தனியார் படிப்பு என்றால் ஒன்றைக் கவனியுங்கோ. என் தம்பி ஒரு நிறுவனத்தில் சேர்வதற்கு முற்பணம் கட்டிவிட்டு, பட்டம் தருகிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எது என்று கேட்டான். நாலு தடவை கேட்டு நாலு பதில். காசு திரும்பவில்லை. பட்டம் தருவது யார், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

முற்றத்துமல்லி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கண்டிவீதி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேட்டுத் தோய்க்கிற இடத்தில் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. பிறகு வந்து, "சரி, விருப்பத்தையே முதலில் போடு" என்றா.

யாழ்ப்பாணத்தை முதலில் போடப்போகிறேன். அம்மம்மாவை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. இரண்டாவது பேராதனை. நாலு வருட வெட்டுப்புள்ளியும் எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் விட என் புள்ளி மேலேதான் நிற்கிறது, ஒரு வருடம் மட்டும் கொஞ்சம் கிட்ட. திறந்த பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் திகதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சேர், நேற்று இரவு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரின் தமிழ்த் தவணைப் புள்ளியை வைத்து இடையும் நியம விலகலும் செய்தேன். இடை 61, நியம விலகல் 9.4 வந்தது. வர்க்கங்களைக் கூட்டிய பிறகு 12ஆல் பிரிப்பதா 11ஆல் பிரிப்பதா என்று குழப்பமாக இருந்தது, 12ஆல் பிரித்தேன். சரியா?

கரும்பலகை:

அந்த 12 பேர்தான் முழு வகுப்பும் என்றால் 12 சரி. பெரிய வகுப்பிலிருந்து எடுத்த 12 பேர் என்றால் 11. ஏன் ஒன்று குறைகிறது என்று முதலாம் வருடத்தில் கட்டாயம் கேட்பார்கள், விடையை நீங்களே தேடிப் பாருங்கோ பிள்ளை. விண்ணப்பத்தை அனுப்ப முதல் பாடநெறிக் குறியீடுகளை ஒருதரம் இங்கே எழுதுங்கோ, நானும் சரிபார்க்கிறேன்.