‘ஃபிளேம் டியூப்’: தமிழில் என்ன எழுதுவது?

அம்பத்தூர் ஆசிரியர்:
நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய லாரி டர்போசார்ஜரை (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வைத்துச் சின்னதாக ஒரு ஜெட் என்ஜின் செய்கிறார்கள். செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கம்ப்ரசருக்கு அமுக்கி, டர்பைனுக்குச் சுழலி, கம்பஷன் சேம்பருக்கு எரியறை என்று எழுதிவிட்டேன். ஃபிளேம் டியூப்பில்தான் நிற்கிறது.

அது எரியறையின் வெளிக்கூட்டுக்குள் இருக்கும் இன்னொரு எவர்சில்வர் குழாய், உடம்பெல்லாம் துளை. அமுக்கி தள்ளும் காற்று இரண்டுக்கும் நடுவே ஓடித் துளை வழியே உள்ளே நுழைகிறது. கேஸ் வரும் தலைப்பக்கம் சின்னத் துளைகள். தீ பிடிப்பது அங்கே. நடுவில் உள்ளவை மிச்சத்தை எரித்து முடிக்க. கடைசியில் பெரிய துளைகள், சுழலியின் பிளேடு கருகாமல் வாயுவைக் குளிரவைக்க. வரும் காற்றில் பெரும்பகுதி குளிர்விக்கவே போகிறது. வெளிக்கூட்டோடு குழம்பாத சொல் வேண்டும்.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:
தீக்குழல் போதுமே. ‘தீக்காய்வார்’ என்று வள்ளுவரே (குறள் 691) சொன்ன எளிய சொல் இருக்க, வேறெங்கும் தேட வேண்டாம்.

பெரம்பூர் ரயில்வே ஓய்வாளர்:
ஐயா, வேண்டாம். நீராவி ரயில் என்ஜினின் கொதிகலனே தீக்குழாய் வகைதான்: சூடான புகை குழாய்க்குள்ளே, தண்ணீர் வெளியே. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிப்ளமோ மாணவன் இரண்டையும் ஒரே ஆண்டில் படிப்பான்.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:
சரி, அப்படியானால் அழற்குழல். அழல் + குழல், லகரம் றகரமாகும். சிலம்பில் மதுரை எரியும் பகுதிக்கு அழற்படு காதை என்றே பெயர். குழல், குழாய், குழி, குழை எல்லாம் உள்ளீடற்றது என்ற ஒரே வேரில் முளைத்தவை என்பது என் கருத்து. காதணியான குழையும் அப்படி வந்ததே. கூந்தலைக் குழல் என்பதும் சுருண்டு உள்ளே வெற்றிடம் விடுவதால்தான்.

திருவான்மியூர் மொழிபெயர்ப்பாளர்:
கூந்தல் வரை போய்விட்டோம், ஐயா. வெள்ளிக்கிழமை வருகிறது. பட்டறையில் பையன்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள்?

அம்பத்தூர் ஆசிரியர்:
‘சல்லடை’ என்கிறார்கள், அம்மா. ‘சல்லடையைத் திருப்பி மாட்டுடா’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் சல்லடை சலிக்கும், ஒன்றை நிறுத்தி ஒன்றை விடும். இது எதையும் நிறுத்துவதில்லை. கையேட்டில் அப்படி எழுதினால் அடுத்த வகுப்பு அதை ஃபில்டர் என்று நினைக்கும்.

திருவான்மியூர் மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் சுடர்க்குழல் என்று எழுதுங்கள். அகராதியே வேண்டாம், படித்தவுடன் புரியும். அழல் என்பதை இன்று யாரும் வீட்டில் சொல்வதில்லை.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:
சுடர் என்பது அசையாமல் எரியும் விளக்கின் தீ. இங்கே இரைச்சலோடு எரிகிறது. அழல்தான் பொருந்தும். சொன்னால்தானே பழகும்? ‘கணினி’யும் ஒருநாள் புதுச்சொல்தான்.

அம்பத்தூர் ஆசிரியர்:
ஐயா, உங்கள் வாதமே சுடருக்குச் சாதகம். இந்த வேகக் காற்றில் தீ நேரடியாக நின்றால் அணைந்துவிடும். தலைப்பக்கம் துளை சிறிதாக இருப்பதே அதற்காகத்தான். காற்றில் விளக்கைக் கையால் மறைப்பதுபோல, கொஞ்சம் காற்றை மட்டும் விட்டுத் தீயை நிற்கவைக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிராங்க் விட்டில் 1937இல் தன் முதல் ஜெட் என்ஜினை ஓட்டிய காலத்திலும் அவரை அதிகம் படுத்தியது எரிதல்தான். தீயை நிலைநிறுத்துவதே இந்தக் குழாயின் முதல் வேலை. சுடர்க்குழல் என்றே போடுகிறேன். படத்தின் அடியில் மட்டும் ‘ஃபிளேம் டியூப்’ என்றும் இருக்கும், கடையில் கேட்டு வாங்க வேண்டுமல்லவா.

பெரம்பூர் ரயில்வே ஓய்வாளர்:
எனக்குச் சம்மதம். சுடர்க்குழாய் என்றிருந்தால் இன்னும் நன்று. குழல் என்றால் புல்லாங்குழல்தான் நினைவுக்கு வருகிறது. அப்புறம், ஓட்டும்போது பையன்களைப் பக்கவாட்டில் நிற்கவிடாதீர்கள். சுழலி சிதறினால் துண்டுகள் அந்தத் திசையில்தான் பறக்கும். இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். கையேட்டில் எது வந்தாலும் என் பாடத்தில் அழற்குழல்தான் இருக்கும். டர்போசார்ஜரை அப்படியே விட்டுவிட்டீர்களே, அதற்கு யார் சொல் தரப்போகிறீர்கள்?