தடத்தில் உங்கள் பழைய கார் எங்கே கைவிட்டது?

கடலோரக் கார், வெள்ளவத்தை:

கட்டுக்குருந்த கார்ப் பந்தயத் தடத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். யார் யாரை முந்தினார் என்ற கதை வேண்டாம். கார் எந்த இடத்தில் காலை வாரியது என்ற கதைதான் வேண்டும்.

என்னுடையது 1993ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈஜி6. எஞ்சின் 1.6 லீற்றர் பி16ஏ. புதிதாக இருந்தபோது 170 குதிரை வலு. முப்பது வருடத்தில் அவற்றில் எத்தனை லாயத்தை விட்டு ஓடிவிட்டன என்று எண்ணிப் பார்க்க மனமில்லை. நான்கு வருடமாக அதற்குப் போட்ட பணமெல்லாம் வேகத்துக்கே போனது: எக்ஸோஸ்ட், கிளட்ச், ஏர் ஃபில்டர். பிறேக்குக்கும் ஒன்றும் செய்யாமல் விடவில்லை, விலை கூடிய பேட் வாங்கிப் போட்டேன். அந்தப் பேட்டைத் தள்ளுகிற ஓயிலைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

கட்டுக்குருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய ஓடுபாதை. விமானத்துக்காகப் போட்ட தரை என்பதால் நேர்ப்பாதைக்குக் குறைவில்லை. நேராக மிதித்துக்கொண்டு போய், கடைசியில் வேகத்தை எல்லாம் ஒரேயடியாகக் கொன்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே கொலை. ஐந்தாவது சுற்றில் பிறேக் மிதி சற்று ஆழமாக இறங்கியது. கால் களைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆறாவது சுற்றில் மிதி நேராகத் தரையைத் தொட்டது. உள்ளே எதிர்ப்பே இல்லை, ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் இருந்தது. இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து எடுத்ததில் கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்து, வளைவை விட்டுவிட்டு, நேரே புல்லுக்குள் ஓடி நின்றேன். நெஞ்சு படபடத்ததைத் தவிர வேறு சேதமில்லை.

இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது இனித்தான் வருகிறது. இருபது நிமிடம் கழித்து மிதித்துப் பார்த்தால் மிதி கல்லுப்போல் இறுகி நிற்கிறது! ஒன்றுமே நடக்காததுபோல். பக்கத்தில் நின்ற ஓர் அண்ணா மட்டும் தடுத்திருக்காவிட்டால் மறுபடியும் உள்ளே போயிருப்பேன்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் பாஸ், பேட்டை அமுக்கிப் பிடிக்கும் கலிப்பரில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி ஓயிலை ஒரு போத்தலுக்குள் இறக்கினார். பிளேன் டீ நிறம். நல்ல ஓயில் இளமஞ்சளாக இருக்க வேண்டும். “எப்ப மாத்தினது தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை.

பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். றப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போகும். டொட் 4 என்ற தரத்து ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத அளவு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155ஆக இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். என் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதில் போய்விட்டது. ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடும், மிதியும் இறுகிவிடும். கடலுக்கு இருநூறு மீற்றர் தூரத்தில் குடியிருப்பவனுக்கு ஈரத்தைப் பற்றி ஒருவர் சொல்லித் தெரிய வேண்டுமா? அலுமாரிக்குள் சப்பாத்தே பூத்துவிடுகிற ஊர் இது.

சரி, என் மானம் போயிற்று. அடுத்தவர் வாருங்கள்.

பழைய பிஸ்டன், கொட்டாஞ்சேனை:

தம்பி, புல் இருந்த பக்கம் போய் நின்றதற்கு வீட்டில் ஒரு தேங்காய் உடையுங்கள்.

பிறேக் குழாயையும் மாற்றிவிட்டீர்களா? ஓயிலை மட்டும் மாற்றிவிட்டு முப்பது வருட றப்பரை விட்டுவைத்தால் பாதி வேலைதான். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கிப் போயிருக்கும். என் காரில் அப்படி வீங்கிய ஒரு குழாய் ஓயிலைப் போகவிட்டது, திரும்பி வரவிடவில்லை. காலை எடுத்த பிறகும் இடது முன்சில்லு பிறேக் பிடித்தபடியே ஓடியது. பேட் பழுது, கலிப்பர் பழுது என்று இரண்டு மாதம் தேடினோம். கடைசியில் ஒரு சாண் நீளக் குழாய்.

ஸ்டார்லெட் தம்பி, தெஹிவளை:

என் கதை பெற்றோல் கதை. கார், டொயோட்டா ஸ்டார்லெட் ஜீரீ, ஈபி82. 1.3 லீற்றர், டர்போ.

2022 பெற்றோல் தட்டுப்பாடு ஞாபகம் இருக்கிறதல்லவா? வரிசையில் நித்திரை கொண்டது, பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றானது. வீட்டுக்கு ஒரு கார் ஓடினால் போதும் என்று அப்பா முடிவுசெய்ய, ஸ்டார்லெட்டைப் போர்வை போட்டு மூடிவிட்டேன். தாங்கியில் கால்வாசி பெற்றோல். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. திரும்ப எடுத்தபோது பற்றரி மாற்றினேன், ஓயில் மாற்றினேன், புதிய 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினேன். முதல் உதையிலேயே எழும்பியது. காலி வீதியில் அருமையாக ஓடியது. காலி வீதியில் எது ஓடாது? ஐம்பதைத் தாண்ட விட்டால்தானே.

தடத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்துப் பிடித்தபோது, தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தேன், சத்தம் நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி கூழாங்கல். அத்தோடு ஓரமாகக் கொண்டுவந்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

தாங்கியைக் கழற்றிப் பார்த்தால் வெறுமையாகக் கிடந்த மேல்பகுதியில் துரு. பெற்றோல் பம்பின் அடியில் இருக்கும் வலைப்பை, தேயிலைச் சக்கையைப் பிழிந்து வைத்ததுபோல் அடைபட்டிருந்தது. மெதுவாக ஓடும்போது அதற்குள்ளால் வருகிற பெற்றோல் போதும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளுகிற நேரத்தில் போதாது. காற்று கூடி, பெற்றோல் குறைந்தால் எரிதல் தறிகெட்டுப் போகிறது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் பளபளக்கும் புள்ளிகள். பாஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டி, “இது உன்ர பிஸ்டன்ர தூள்” என்றார். இன்னும் இரண்டு சுற்று ஓடியிருந்தால் பிஸ்டனில் ஓட்டை.

தாங்கி, வலை, ஃபில்டர், றப்பர்க் குழாய்கள், அவற்றின் கிளிப் எல்லாம் மாற்றினேன். பம்பின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தோம். வீட்டில் இன்றுவரை உண்மையான தொகை தெரியாது.

இன்னொன்று. டர்போ வைத்திருப்பவர்கள் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். வந்ததும் டக்கென்று நிறுத்தினால் ஓயில் ஓட்டம் நின்று, பேரிங்குக்குள் தங்கிய ஓயில் கருகிக் கரியாகப் படியும்.

மலைக் காற்று, வத்தளை:

நான் நுவரெலியா மகாகஸ்தோட்ட கார் மலையேற்றப் போட்டிக்கு இரண்டு முறை போய் வந்தவன். அங்கே ஒன்றும் ஆகவில்லை, ஆகவே தடத்துக்கும் கார் தயார் என்று நினைத்தேன். மலையில் குளிர், ஓட்டமோ ஒரே ஏறுதான், மூச்சுப் பிடித்து முடித்துவிடலாம். பிறகு அடுத்த முறை வரும்வரை கார் ஆறிக்கொண்டு நிற்கும். தடத்தில் அந்த ஆறுதல் இல்லை. கீழ்நாட்டு வெயிலில் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டியபோதுதான் மலை என் காரைச் சோதிக்கவே இல்லை என்று விளங்கியது. கிளட்ச், கியர் எண்ணெய், எஞ்சின் ஓயில் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் கணக்குத் தீர்த்தன.

மூன்றாம் கியர், மருதானை:

என்னிடம் இருந்தது 90களின் நடுப்பகுதி ஐரோப்பியக் கார், ஆறு சிலிண்டர். பெயரைச் சொல்லமாட்டேன், வாங்க இருப்பவர் இதைப் படிக்கக்கூடும்.

வெப்பமானி முள் நடுவில் நிற்கும் மட்டும் கவலையில்லை என்று நம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அன்று முள் நடுவில்தான் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறியது. நான் வேகத்தைக் குறைப்பதற்குள் சரசரவென்று கீழே விழுந்தது. நல்லகாலம், குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். முன்மூடிக்கடியிலிருந்து இனிப்பு வாடை வந்தது, பின்னாலேயே வெள்ளைப் புகையும் வந்தது. றேடியேற்றரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்து தண்ணீர் முழுவதும் போய்விட்டிருக்கிறது. வெப்பமானியின் உணரி தண்ணீருக்குள் நிற்க வேண்டியது. தண்ணீரே இல்லாதபோது அது எதை அளக்கும்? அந்தரத்தில் நின்றுகொண்டு “எல்லாம் சுகம்” என்று சொல்லியிருக்கிறது.

துவாயைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்க ஓர் இளைஞர் ஓடி வந்தார். கையைப் பிடித்து இழுத்தோம். அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த கணத்தில் முழுவதும் முகத்துக்கு வரும். தண்ணீர் போய்விட்டது என்று நமக்குத் தெரியும், மிச்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு வயதாகும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. இரும்பைத் தட்டித் தட்டிப் பார்ப்போம், பிளாஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மூடுவோம்.

வெள்ளிச் சில்லு, பம்பலப்பிட்டி:

ஓட்டுபவர் என் கணவர். டயரைப் பார்ப்பவள் நான். ஒருமுறை “புத்தம் புதிது” என்று நாலு டயரோடு வந்தார். பூவெல்லாம் முழுதாக இருந்தது, புது டயரில் நிற்கும் றப்பர் முடிகூட உதிரவில்லை. பக்கச் சுவரில் அந்த நாலு இலக்கத்தைத் தேடினேன்: 2314. அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாங்கள் வாங்கியது 2023இல். கடையில் படுத்திருந்தாலும் றப்பர் கிழடாகும் அண்ணா, நகத்தால் அழுத்திப் பாருங்கள் என்று கடைக்காரரிடமே சொன்னேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்கள் பொன்னான மாதிரி பழைய டயர்களும் பொன்னாகிவிட்டன போலும்.

சில்லு நட்டுகளையும் முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும், இறுக்கத்தை அளக்கும் டோர்க் திறப்பால் மறுபடி பார்ப்பேன். சிவிக் அண்ணாவுக்கு 108 நியூட்டன் மீற்றர். காலால் மிதித்து இறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூடாக வந்து நின்றதும் கைப் பிறேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டு ஒரு மரக்கட்டையை வையுங்கள்.

கடலோரக் கார், வெள்ளவத்தை:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இரவோடு இரவாக இறங்கிப் போய் டோர்ச் அடித்து என் டயரைப் பார்த்தேன். 2021. தப்பினேன்.

நேற்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனேன். கொட்டாஞ்சேனை அண்ணா சொன்ன குழாய்க்காகத்தான். கழற்றிய பழைய குழாய் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடையில் பாவித்த குழாயைத் துடைத்து நீட்டினார்கள், விலை பாதிதான். பழையதைக் கழற்றிவிட்டு இன்னொரு பழையதைப் போடுவதா? மூன்றாவது கடை நானா என் பழைய குழாயை வாங்கி இரண்டாக மடித்துப் பார்த்தார். மடிந்த இடத்தில் தலைமயிர் அளவு வெடிப்புகள் வரிசையாக வாய்திறந்தன. ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, பெட்டி பிரிக்காத நாலு குழாயை இறக்கினார்.

வீட்டில் அரைப் போத்தல் பிறேக் ஓயில் இருக்கிறது, புதிதாக ஒன்று போதும் என்றேன். எப்போது திறந்தது என்று கேட்டார். போன வருடம் என்றேன். “அதை நீங்க கதவுப் பிணைச்சலுக்கும் ஊத்தாதீங்க, பெயின்ட் போயிடும்” என்றார். இரண்டு போத்தல் வாங்கினேன்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இந்த முறை ஆறாவது சுற்றுவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. நாலு சுற்று, ஓர் ஆறவிடும் சுற்று, வெளியே. மிதியின் ஆழத்தை ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் பார்ப்பேன்.

ஸ்டார்லெட் தம்பி, தெஹிவளை:

அண்ணா, நானும் வருகிறேன். விடிய ஐந்து மணிக்கு தெஹிவளைச் சந்தியில் நிற்பேன். பிறேக் ஓயில் வாங்க இந்த வாரம் பஞ்சிகாவத்தைப் பக்கம் போக முடியாது. உங்களிடம் மிச்சம் இருக்குமா?

கடலோரக் கார், வெள்ளவத்தை:

ஒரு போத்தல் இருக்கிறது தம்பி. மூடி திறக்காதது.