உதடும் குரலும் ஒட்டாத அந்தப் பொலிஸ் படம் எது?

மல்லாவியான்:
வணக்கம். 1985இல் மல்லாவியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சாமத்திய வீடு. ரிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்து, வளவில் படங்கு விரித்து விடிய விடியப் படம் போட்டார்கள். எனக்கு 12 வயது. இரண்டு தமிழ்ப் படம் முடிந்தபோது பெண்கள் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் டெக்காரர் ஒரு ஆங்கிலக் கசெற்றைப் போட்டார். அந்தப் படத்தைத்தான் தேடுகிறேன்.

நினைவில் இருப்பது இவ்வளவுதான். வெள்ளைத் தலைமுடி என்று சொல்லும்படி மஞ்சள் முடியும் கட்டை மீசையும் உள்ள ஒரு பொலிஸ் அதிகாரி. கை ஓங்காமல் ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். கூன் விழுந்த ஒருவன். மாடு வெட்டும் இடத்தில் வேலை செய்பவன். அதிகாரி அவனை ஒரு துப்பாக்கி ரவையை விழுங்க வைப்பார். அந்த இடத்தில் வளவு முழுக்க மூச்சு விடவில்லை. எனக்குப் பொலிஸ்காரரை விட அந்தக் கூனனின் கண்தான் பயமாக இருந்தது. பிறகு அவன் ஆம்புலன்ஸ் ஒன்றில் இருந்து சனத்தைச் சுட்டபடி போவான். அதற்குள் ஜெனரேற்றரில் எண்ணெய் முடிந்துவிட்டது. முடிவு பார்க்கவில்லை.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாய் அசைவது ஒரு மாதிரி, குரல் வருவது வேறு மாதிரி. "டெக் பழுது" என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். டெக்காரர் மூடியைக் கழற்றி, நாடாவை வாசிக்கும் ஹெட்டைத் துடைத்தார், படத்தைச் சீராக்கும் ட்ராக்கிங் குமிழைத் திருகினார், சரிவரவில்லை. விடிந்ததும் வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்து அவரிடமேதான் நான் வேலை பழகப் போனேன். கசெற்றில் படத்தைச் சுழலும் ஹெட் வாசிக்கும். சத்தம் நாடாவின் ஓரத்தில் இருக்கும், அதை வேறொரு ஹெட் வாசிக்கும். நாடா செக்கனுக்கு 2.3 சென்ரிமீற்றர் ஓடுகிறது. சத்தம் அரைச் செக்கன் பிந்த வேண்டுமென்றால் அந்த ஹெட் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இடம் மாறி இருக்க வேண்டும். அப்படி மாறினால் டெக் வேலையே செய்யாது. அதோடு, அன்று சத்தம் ஒரே அளவாகப் பிந்தவும் இல்லை. சில இடத்தில் முந்தியது, சில இடத்தில் வாய் மூடிய பிறகும் கதைத்தது. டெக்கில் பிழை இல்லை என்று எனக்கு உறுதி. அப்படியென்றால் பிழை எங்கே?

ஓமந்தை வாசி:
அண்ணா, இது இத்தாலியப் படம். உம்பேர்த்தோ லென்ஸி இயக்கி 1976இல் வந்த 'ரோமா ஆ மானோ ஆர்மாத்தா'. மஞ்சள் முடிக்காரர் மௌரீட்சியோ மேர்லி. கூனனாக வருபவர் தோமஸ் மிலியான், கியூபாவில் ஹவானாவில் பிறந்தவர். இவர் கூனனாக நடித்த இன்னொரு லென்ஸி படம் 1978இல் வந்தது. ஆனால் அதில் மிலியானுக்கு இரட்டை வேடம், மேர்லி இல்லை. நீங்கள் சொன்ன மீசையும் ரவையும் சேர்ந்து வருவது 1976 படத்தில்தான். முடிவை நான் சொல்லப் போவதில்லை. அந்த ரவையை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. பிழை எங்கேயும் இல்லை அண்ணா. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் படப்பிடிப்புத் தளத்துச் சத்தத்தை வைத்துக்கொள்வது குறைவு. எல்லாக் குரலையும் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் பதிவார்கள். பல நாட்டு நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் கதைத்து நடிப்பார்கள். பிறகு இத்தாலிய மொழிக்கு ஒரு குரல், ஆங்கிலத்துக்கு இன்னொரு குரல். மிலியானின் இத்தாலியக் குரல் பெரும்பாலும் பெருச்சியோ அமெந்தோலா என்பவருடையது. ரொபர்ட் டி நீரோவுக்கும் சில்வெஸ்டர் ஸ்டலோனுக்கும் இத்தாலியில் குரல் கொடுத்தவரும் அவரே. நீங்கள் பார்த்தது ஆங்கிலப் பிரதி. வாய் ஒன்று, குரல் ஒன்று என்று இருக்கத்தான் செய்யும். உங்கள் டெக்காரரின் டெக் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது.

இந்த வகைப் பொலிஸ் படங்களுக்கு இத்தாலியில் 'பொலீட்சியோத்தெஸ்கி' என்று பெயர். 1969 டிசம்பர் 12இல் மிலானில் பியாட்சா பொந்தானா என்ற சதுக்கத்தில் வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் குண்டு, ஆட்கடத்தல், வங்கிக் கொள்ளை. 1978இல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவையே கடத்திக் கொன்றார்கள். அந்தத் தெருக்களில் வைத்துத்தான் இந்தப் படங்களை எடுத்தார்கள். சட்டம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று கத்தும் அதிகாரியைப் பார்க்க அந்தச் சனம் திரண்டு போனதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் விசாரணையில் அடிவாங்குகிறவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று வன்னியில் வளர்ந்த எனக்குத் தெரியும். அதனால் மேர்லி கைதட்டல் வாங்கும் இடங்களில் என்னால் கைதட்ட முடிவதில்லை. மிலியானின் நடிப்புக்காகவும் பிராங்கோ மிக்காலிட்சியின் இசைக்காகவும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முத்தையன்கட்டு அக்கா:
தம்பி, தேடிப் பார்ப்பதென்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் படங்களில் பெண்களை நடத்தும் விதம் எனக்குப் பொறுக்காது. அடிவாங்கவும் கெடுக்கப்படவும் மட்டுமே வந்து போகிறார்கள். பழைய படம் என்று சொல்லி இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பெர்ணாந்தோ டி லேயோவின் 'மிலானோ காலிப்ரோ 9' (1972) பாருங்கள். அதிலும் அடி உண்டு. என்றாலும் கதை சிறையால் வந்த ஒரு திருடனைப் பற்றியது. காணாமல் போன பணத்தை அவன்தான் ஒளித்தான் என்று கூட்டாளிகள் விடாமல் துரத்துகிறார்கள். நாயகன் கஸ்தோனே மொஸ்கின் முகத்தில் ஒன்றுமே காட்ட மாட்டார், நாம்தான் தவித்துக்கொண்டிருப்போம். பொலிஸ் நிலையத்துக்குள் இரண்டு அதிகாரிகள் வாதாடுவார்கள். ஒருவர் அடித்து நொறுக்கினால்தான் சரி என்பார். மற்றவர், ஏழைத் திருடனை மட்டும் பிடிக்கிறோமே, பணக்காரத் திருடனை யார் பிடிப்பது என்பார். துப்பாக்கிச் சூட்டை விட எனக்கு அந்த வாக்குவாதம்தான் பெரிது.

மல்லாவியான்:
தம்பி, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. தம்பியின் பதிலை வாசித்த கையோடு டெக்காரருக்குப் போன் எடுத்தேன். இப்போது வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். "ஐயா, அன்றைக்கு டெக் பழுதில்லை, அந்தப் படமே அப்படித்தான்" என்று மூன்று தரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹெட்டை நான் முதல் நாள்தான் துடைச்சனான்" என்றார். அவருக்கும் அந்த இரவு மறக்கவில்லை.

வருகிற ஞாயிறு அவரிடம் போய் முழுப் படத்தையும் போட்டுக் காட்டப் போகிறேன். இத்தாலியப் பிரதியைப் போட்டால் வாயும் குரலும் ஒட்டுமா?

ஓமந்தை வாசி:
மேர்லிக்கு ஓரளவு ஒட்டும், மிலியானுக்குச் சந்தேகம்தான். ஆங்கிலப் பிரதியையே போடுங்கள் அண்ணா. அன்று கேட்ட அதே குரலை ஐயா கேட்கட்டும். சத்தத்தை மட்டும் கூட்டி வையுங்கள்.