'லர்ச்' என்பதற்கு ஆட்டம் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'லர்ச்' (lurch) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகத் தள்ளாட்டம், தடுமாற்றம், குலுக்கல் ஆகிய மூன்றும் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் வழக்கில் உள்ள நல்ல சொற்கள்தாம் என்றாலும், பாம்பன் கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இவற்றில் ஒரு தயக்கம் உண்டு. ஆட்டம் என்றால் போய்த் திரும்பி வருவது; குலுக்கலும் அப்படியே. 'லர்ச்' திரும்பி வருவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது ஒரே வீச்சில் ஒரு பக்கமாகச் சாய்வது.

தென்கடலில் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நாட்டுப்படகில் சென்றவர்களுக்கு இந்த வேறுபாடு உடம்பிலேயே பதிந்திருக்கும். படகு தொட்டில்போல் இரு புறமும் ஆடிக்கொண்டிருக்கும். கால்கள் அதற்குப் பழகி, கையிலுள்ள தேநீர்கூடச் சிந்தாது. அப்போது குறுக்கே ஓர் அலை வந்து படகின் விலாவில் மோதும். ஐஸ் பெட்டி பலகைமேல் சறுக்கி எதிர்ப்புறம் போய் முட்டும். படகின் அடியில் தேங்கிய நீரும் அதே பக்கம் பாய்ந்து, சாய்ந்த படகை நிமிரவிடாமல் சில கணம் பிடித்து வைக்கும். "ஆடுனா ஆடட்டும் தம்பி, ஒரு பக்கமா விலுக்குனு சாஞ்சாத்தான் பயம்" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார். ஆட்டத்தையும் சாய்வையும் அவர் பிரித்துவிட்டார். கலைச்சொல் ஆக்குவோர்க்கு அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஆங்கிலத்தில் 'லீ-லர்ச்' என்பது, காற்று வரும் பக்கத்தில் பேரலை மோதும்போது கப்பல் மறுபக்கமாகத் திடீரென்று சாய்வதைக் குறித்தது. 'ஒருவரை லர்ச்சில் விட்டுச் செல்லுதல்' என்னும் தொடரில் வருவதோ வேறொரு சொல். பிரெஞ்சுக்காரரின் பழைய காய் விளையாட்டு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாக இருப்பதால் அதையும் இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. அதற்குத்தான் நம்மிடம் 'நட்டாற்றில் விடுதல்' இருக்கிறதே. (கடலோரத்தில் இருந்துகொண்டு ஆற்றைச் சொல்வது எனக்கும் வேடிக்கையாகத்தான் உள்ளது.)

தொடர்வண்டிப் பாலப் பொறியியலில் இச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஓடும் வண்டியின் பாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்குத் தற்காலிகமாக மாறுவதை அங்கே 'லர்ச்சிங்' என்பர். பிரிட்டனின் பிஎஸ் 5400 தரநெறி, பாரத்தைச் சமமாகப் பாதி பாதி எனக் கொள்ளாமல், ஒரு தண்டவாளத்தில் 0.56 பங்கும் மற்றதில் 0.44 பங்கும் விழுவதாகக் கணக்கிடச் சொன்னது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ஊர்ந்து சென்ற வண்டியில் சன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பார மாற்றம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. வடிவமைப்பவருக்கோ அதைக் கணக்கில் சேர்க்காமல் முடியாது. இங்கே 'தள்ளாட்டச் சுமை' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

முதலில் எனக்குத் தோன்றியது 'வெட்டிச்சாய்வு'. ஆனால் வெட்டிச் சாய்த்தல் என்றதும் மரமும் அரிவாளுமே நினைவுக்கு வருவதால் கைவிட்டேன். 'ஒருக்களிப்பு' தூக்கத்தை நினைவூட்டுகிறது. 'திடீர்ச் சாய்வு' விளக்கமாக இருக்கிறதேயன்றிச் சொல்லாக இறுகவில்லை. ஆகவே 'எறிசாய்வு' என்பதை முன்வைக்கிறேன். எறிகணை, எறிபந்து போல இதுவும் வினைத்தொகை. புற விசை ஒன்று பொருளை ஒரு பக்கமாக எறிந்ததுபோல் சாய்த்துவிட்டது என்னும் குறிப்பு இதில் கிடைக்கும். கப்பலின் எறிசாய்வு, எறிசாய்வுச் சுமை, நிலநடுக்கத்தின்போது ஆற்றங்கரை மண் ஒரு பக்கமாக நகர்ந்து பிளக்கும் எறிசாய்வு வெடிப்பு என மூன்று துறைகளிலும் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் நன்றாகவே அமர்கிறது. மூன்றாவதில் மண் சாய்வதைவிட நகர்வதே மிகுதி என்பதால் 'எறிநகர்வு' என்று மாற்றலாமா என்பதை நிலவியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கதையிலும் செய்தியிலும் இச்சொல்லைத் திணிக்க வேண்டாம். 'பேருந்து விலுக்கென்று இடப்பக்கம் சாய்ந்தது' என்றாலே போதும்.